ஆற்றின் தலைமாட்டில் ஒரு கோட்டை

(திருவக்கரையில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பிரான்சு நாட்டுக் கிராமப்புறத்தில் இருக்கிற பழைய கோட்டைகளைப் போய்ப் பார்த்து வந்தவன் என்பதால் அவற்றைப் பற்றிப் பேசச் சொன்னீர்கள். பேசுகிறேன். ஆனால் நம் செஞ்சிக் கோட்டையைச் சொல்லாமல் அந்தக் கோட்டைகளைச் சொல்ல எனக்கு வராது. இந்த ஊரை ஒட்டி ஓடும் சங்கராபரணி செஞ்சி மலைப் பக்கத்தில் பிறக்கிறது. வீடூர் அணையில் தேங்கி, திருவக்கரையைத் தொட்டு, வில்லியனூர் வழியாகப் புதுச்சேரிக்குப் போய்க் கடலில் சேர்கிறது. இதற்கு வராக நதி என்றும் பெயர், செஞ்சியாறு என்றும் பெயர். ஆற்றின் தலைமாட்டில் செஞ்சி, கால்மாட்டில் புதுச்சேரி. இரண்டு முனையிலும் பிரெஞ்சுக்காரர்கள் இருந்திருக்கிறார்கள். கால்மாட்டில் 1954 வரைக்கும் இருந்தார்கள். தலைமாட்டில் பத்தரை ஆண்டுகள், 1750 செப்டம்பரிலிருந்து 1761 ஏப்ரல் வரை.

இந்தப் பக்கத்தில் பிரான்சில் உறவுக்காரர் இல்லாத தெரு குறைவு. புதுச்சேரியில் சொல்தா குடும்பம் என்பார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள். அங்கே போகிற நம் ஆட்கள் விடுமுறை நாளில் ஷாத்தோ, அதாவது கோட்டை, பார்க்கக் கிளம்புகிறார்கள். படம் எடுத்து அனுப்புகிறார்கள். நாமும் வியந்து பார்க்கிறோம். வியக்க வேண்டியதுதான். அதே வியப்போடு செஞ்சி மலை ஏறியவர்கள் இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் இருப்பீர்கள்? திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போகிற சாலை, ராஜகிரி, கிருஷ்ணகிரி என்ற மலைகளுக்கு நடுவே கோட்டையைப் பிளந்துகொண்டுதான் போகிறது. கிரிவலத்துக்குப் போகும்போது பேருந்து ஜன்னல் வழியாக மதிலைப் பார்த்திருப்போம். அதைக் கோட்டை பார்த்த கணக்கில் சேர்க்க முடியாது.

முதலில் பிரான்சைச் சொல்லிவிடுகிறேன்.

அந்த நாட்டின் தெற்கில், ஸ்பெயின் எல்லையை நோக்கிப் போகும் வழியில், சுண்ணாம்புப் பாறை மலைகள் இருக்கின்றன. அவற்றின் உச்சியில் வரிசையாகக் கோட்டைகள்: பெய்ர்பெர்த்தூஸ், கெரிபூஸ், அகிலார், தெர்ம், புய்லோரான். இந்த ஐந்தையும் கார்க்கசோன் நகரத்தின் ஐந்து பிள்ளைகள் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். கெரிபூஸ் கடல் மட்டத்திலிருந்து 728 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அடிவாரத்தில் குக்குன்யான் என்று ஒரு சின்னக் கிராமம். ஒரு காற்றாலை, சுற்றிலும் திராட்சைத் தோட்டம். கோட்டையைப் பார்க்க வருகிறவர்கள் அந்த ஊரில் ரொட்டி வாங்குகிறார்கள், ஒயின் வாங்குகிறார்கள், இரவு தங்குகிறார்கள். அந்தக் காலத்தில் கோட்டை ஊரைக் காத்ததோ இல்லையோ, இன்றைக்கு ஊரின் அடுப்பெரிவதில் அதற்குப் பங்கு இருக்கிறது.

அந்த மலைகளுக்குக் கொடிய கதையும் உண்டு. 13ஆம் நூற்றாண்டில் கத்தார் என்று ஒரு கிறித்தவப் பிரிவினர் அந்தப் பக்கத்தில் வாழ்ந்தார்கள். ரோமாபுரித் திருச்சபை அவர்களை ஏற்கவில்லை. பிரான்சு அரசும் திருச்சபையும் சேர்ந்து அவர்கள்மேல் படை நடத்தின. மோன்செகூர் மலைக்கோட்டையைப் பத்து மாதம் முற்றுகையிட்டார்கள். 1244 மார்ச் 16 அன்று, மதம் மாற மறுத்த இருநூறுக்கும் மேற்பட்டவர்களை மலையடியில் உயிரோடு எரித்தார்கள். இப்போது அந்த மலையில் இருக்கும் சுவர்கள் பிற்பாடு கட்டியவை. ஆனால் அங்கே ஏறுகிறவர்கள் சுவருக்காக ஏறுவதில்லை. எரிந்த மனிதர்களை நினைத்து ஏறுகிறார்கள். அடிவாரத்தில் ஒரு நினைவுக்கல் இருக்கிறது. அதன் முன்னால் மௌனமாகக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போகிறார்கள்.

அந்த ஐந்து பிள்ளைகளும் ஏன் வெறுமையானார்கள்? 1258இல் பிரான்சுக்கும் அரகான் அரசுக்கும் ஓர் உடன்படிக்கை ஏற்பட்டது. எல்லை அந்த மலைகளின் ஓரமாக அமைந்தது. கோட்டைகள் எல்லைக் காவலாயின. 1659இல் ஸ்பெயினோடு இன்னோர் உடன்படிக்கை. எல்லை பிரனீஸ் மலைக்குத் தள்ளிப் போய்விட்டது. அந்த நாளிலிருந்து கோட்டைகளுக்கு வேலை இல்லை. எல்லை நகர்ந்தது, அவ்வளவுதான், கோட்டை செத்துப்போனது. செஞ்சிக்கும் பிற்காலத்தில் இப்படித்தான் நடந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வடக்கே நார்மண்டியில் ஷாத்தோ கயார். சேன் ஆற்றைப் பார்த்தபடி வெள்ளைப் பாறைமேல் நிற்கிறது. இங்கிலாந்து அரசர் முதலாம் ரிச்சர்டு 1196இல் தொடங்கி 1198இல் முடித்தார். அவ்வளவு பெரிய வேலைக்கு அது மிகக் குறைந்த காலம். ஆனால் அவர் இறந்து சில ஆண்டுகளில், 1204 மார்ச்சில், பிரான்சு அரசர் இரண்டாம் பிலிப்பு பல மாத முற்றுகைக்குப் பிறகு அதைப் பிடித்துக்கொண்டார். ஏறத்தாழ அதே காலத்தில்தான், கர்ண பரம்பரையின்படி, ஆனந்தக் கோன் என்கிற இடையர் தலைவர் நம் ராஜகிரியில் முதல் மதிலை எழுப்பினார். அப்போது அந்த மலைக்கு அவர் பெயராலேயே ஆனந்தகிரி என்று பெயர். அவருக்குப் பின் வந்த கிருஷ்ணக் கோன் பக்கத்து மலையில் கட்டினார். அது கிருஷ்ணகிரியாக நிலைத்தது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாராயணப் பிள்ளை எழுதிய ‘கர்நாடக ராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்’ இந்தச் செய்தியைச் சொல்கிறது. அங்கே ஓர் அரசர் கருவூலத்தைக் கொட்டிக் கோட்டை கட்டிய காலத்தில், இங்கே ஆடு மாடு மேய்த்த குலத்திலிருந்து ஒருவர் எழுந்து கோட்டைக்கு அடித்தளம் போட்டார் என்று நம் ஊர் நினைவு வைத்திருக்கிறது. எனக்கு இது பெருமையான செய்தி.

பிரான்சில் நான் பார்த்த கோட்டைகளில் பெரும்பாலானவை ஒரு பிரபுவின் வீடு. நடுவில் உயர்ந்த கோபுரம், அதைச் சுற்றி மதில், மதிலுக்கு வெளியே குடியானவர்களின் ஊர். செஞ்சி அந்த வகை இல்லை. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று மலைகள். மூன்றையும் முக்கோணமாக இணைக்கும் மதில். மதிலின் நீளம் ஏறத்தாழ 13 கிலோமீட்டர். சில இடங்களில் மதிலின் அகலம் 60 அடி, அதற்கு வெளியே 80 அடி அகழி. உள்ளே ஒரு நகரமே இருந்தது. கோயில், பள்ளிவாசல், குளம், குதிரை லாயம், களஞ்சியம், உடற்பயிற்சிக் கூடம், அரண்மனை, கடைத்தெரு எல்லாம் உண்டு. 1597இல் வந்த ஏசு சபைப் பாதிரியார் நிக்கோலஸ் பிமெண்டா, இந்தியாவில் தாம் பார்த்த நகரங்களிலேயே இது பெரியது, போர்ச்சுகலில் லிஸ்பனைத் தவிர வேறெந்த ஊரும் இதற்கு ஈடில்லை என்று எழுதினார். அவர் நாயக்கர் காலத்துச் செஞ்சியைப் பார்த்தவர்.

செஞ்சியைப் பார்க்கப் போகிறவர்கள் நேரே ராஜகிரிக்கு ஓடுகிறார்கள். மூச்சு வாங்க ஏறி, உச்சியில் படம் எடுத்து, குரங்குகளிடம் தின்பண்டத்தைப் பறிகொடுத்து இறங்குகிறார்கள். வேண்டாம். முதலில் கீழ்க்கோட்டையில் தண்ணீரைத் தேடிப் பாருங்கள். கோட்டையின் உயிர் அங்கேதான் இருந்தது. செட்டிக்குளம், சக்கரக்குளம், யானைக்குளம் மூன்றையும் பார்த்துவிட்டுக் கல்யாண மகாலுக்கு வாருங்கள். கூர்கூம்புக் கூரையோடு அடுக்கடுக்காக எழும் அந்தக் கட்டடத்தைப் பார்த்த உடனே அடையாளம் தெரியும். மதிலுக்கு வெளியே இருந்த நீர்நிலையிலிருந்து மண்குழாய் பதித்து, அந்த மாடியின் மேல்தளங்கள் வரை தண்ணீர் ஏற்றியிருக்கிறார்கள். பம்பு இல்லை, மின்சாரம் இல்லை. நீர் தன் மட்டத்தைத் தானே தேடிப் போகும் என்கிற ஒரே அறிவை வைத்துச் செய்த வேலை. மலைமேலும் சுனைகள் உண்டு. பாறை இடுக்கில் மழைநீரைத் தேக்கிப் படையையே காப்பாற்றியிருக்கிறார்கள்.

அடுத்தது தானியம். வளைவுக் கூரையுள்ள களஞ்சியங்களின் சுவர்க் கனத்தைக் கையால் தொட்டுப் பாருங்கள். கிருஷ்ணகிரி உச்சியிலும் களஞ்சியம் இருக்கிறது; எண்ணெயும் நெய்யும் சேர்த்து வைத்த கல்தொட்டிகளும் இருக்கின்றன. மாதக்கணக்கில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே பிழைக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியவர்கள் அவர்கள். இதையெல்லாம் பார்த்த பிறகு ராஜகிரி ஏறுங்கள். வழியில் கமலக்கண்ணியம்மன் கோயில். அம்மனுக்கு இன்றைக்கும் பூசை நடக்கிறது. உச்சிக்குச் சற்றுக் கீழே ஒரு பிளவு. ஏறக்குறைய 24 அடி அகலம், 60 அடி ஆழம். இயற்கையாக இருந்த பிளவைச் செதுக்கி இன்னும் பெரிதாக்கியிருக்கிறார்கள். இப்போது பாலம் இருக்கிறது. அப்போது வேண்டும்போது விலக்கிக்கொள்ளும் மரப்பாலம். அந்தப் பக்கம் சில ஆட்கள் நின்றால் போதும், இந்தப் பக்கம் ஒரு சேனையே காத்து நிற்க வேண்டியதுதான்.

இவ்வளவு காவல் இருந்தும் இந்தக் கோட்டை எத்தனை பேர் கைக்கு மாறியது என்று பாருங்கள். விஜயநகர அரசுக்குக் கட்டுப்பட்ட நாயக்கர்களிடமிருந்து 1649 வாக்கில் பிஜப்பூர் சுல்தானின் படை எடுத்துக்கொண்டது. 1677இல் சத்ரபதி சிவாஜி கைப்பற்றினார். மதில்களைத் திருத்திப் பலப்படுத்தியதும் அவர்தான். அவர் மகன் ராஜாராம், மராட்டிய நாட்டில் ஒளரங்கசீப்பின் படை நெருக்கியபோது, 1689இல் தப்பி இங்கே வந்து சேர்ந்தார். மராட்டியத் தலைநகரமான ராய்காட் விழுந்துவிட்டது. மராட்டிய அரசின் தலைநகரம் சில ஆண்டுகள் நம் செஞ்சிதான். கடற்கரை ஐரோப்பியர்கள் எல்லாரும் அப்போது செஞ்சியிடம் கைகட்டி நின்றார்கள். தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ஆங்கிலேயர்கள் 1690இல் விலை கொடுத்து வாங்கியது மராட்டியர்களிடம். புதுச்சேரியின் பிரான்சுவா மார்த்தேன் தம் ஊரைப் பலப்படுத்த அனுமதி கேட்டு வந்ததும் அவர்களிடம்தான். செயின்ட் டேவிட் கோட்டை என்று நாம் படிக்கிறோமே, அதன் பத்திரம் கையெழுத்தானது இந்த ஆற்றின் தலைமாட்டு அரசின் பேரில்.

மொகலாயத் தளபதி சுல்பிகர்கான் 1690இல் முற்றுகை போட்டார். எட்டு ஆண்டுகள்! மோன்செகூர் முற்றுகை பத்து மாதம் என்றேன். இது எட்டு ஆண்டுகள். அவ்வளவு பெரிய மதிலைச் சுற்றி வளைக்க அவரிடம் ஆள் போதவில்லை. மராட்டிய வீரர்கள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து மொகலாயப் பாளையத்துக்குப் போகும் தானியத்தை மறித்தார்கள். முற்றுகை போட்டவன் பட்டினி கிடந்தான், முற்றுகைக்குள் இருந்தவன் சாப்பிட்டான். ஒளரங்கசீப்பின் மகன் காம்பக்ஷ், அந்தப் பாளையத்துக்குள்ளேயே மொகலாயத் தளபதிகளின் கையால் சிறைப்பட்டதும் அப்போதுதான் நடந்தது. கடைசியில் 1698 தொடக்கத்தில் கோட்டை விழுந்தபோது ராஜாராம் உள்ளே இல்லை. முன்பே தப்பிப் போய்விட்டார்.

எட்டு ஆண்டு தாங்கிய அதே மதில், 1750இல் ஒரே இரவில் விழுந்தது. ஆற்காட்டு நவாபுப் பட்டத்துக்கு உரிமை கொண்டாடிய முகமது அலியின் படை தோற்று ஓடிவந்து செஞ்சியில் புகுந்துகொண்டது. தோற்ற படையின் மனநிலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின்னாலேயே பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி வந்தார். செப்டம்பர் 11ஆம் தேதி. ஊர்க்கதவை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே நுழைந்தார். இருட்டில் மலைகளை நோக்கித் தனித்தனிப் பிரிவுகளை அனுப்பினார். வாசல் வாசலாக வெடி வைத்தார்கள். 12ஆம் தேதி விடிந்தபோது மலைகள் மூன்றும் அவர்கள் கையில். கல் அதே கல், பிளவு அதே பிளவு. காவல் காத்த மனிதனிடம் நம்பிக்கை இல்லை. இதை விடப் பெரிய பாடத்தை எந்தக் கோட்டையிலும் நான் படிக்கவில்லை. கயார் கோட்டையும் அதைத்தான் சொல்கிறது: கட்டியவன் போன பிறகு கல் மட்டும் காப்பாற்றாது.

பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை அந்த நாட்களில் புதுச்சேரியில் உட்கார்ந்து தம் நாட்குறிப்பை எழுதிக்கொண்டிருந்தார். 1736இலிருந்து 1761 வரை தமிழில் எழுதிய நாட்குறிப்பு அது. பிரெஞ்சுக்காரரின் செஞ்சியை அறிய விரும்புகிறவர்கள் பிரெஞ்சு ஆவணங்களைத் தேடி அலைவதற்கு முன் அதைப் படிக்க வேண்டும். நம் மொழியில் இருக்கிற செல்வம்.

வெற்றி அவர்களுக்கு இனிக்கவில்லை. செஞ்சியின் காய்ச்சலும் தண்ணீரும் ஐரோப்பியச் சிப்பாய்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு சமயத்தில் நூறு பேருக்கு மேல் அங்கே வைத்திருக்காதபோதும், பத்தாண்டுகளில் ஆயிரத்து இருநூறு பேரைப் பிரெஞ்சுக்காரர்கள் இழந்தார்கள் என்று அக்கால வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம் எழுதியிருக்கிறார். பிரித்தானி, நார்மண்டி என்று எங்கெங்கோ கிராமங்களில் பிறந்த பையன்கள். தம் ஊர்க் கோட்டை நிழலில் விளையாடிய பிள்ளைகளாகவும் சிலர் இருந்திருப்பார்கள். அவர்கள் இந்த மலையடியில் காய்ச்சலில் செத்தார்கள். பெயர் எழுதிய கல் ஒன்றைக்கூட அவர்களுக்கு நான் அங்கே கண்டதில்லை. அவர்கள் நம் மண்ணைப் பிடிக்க வந்தவர்கள்தான். ஆனாலும் அவர்களை நினைக்கும்போது மனம் கனக்கிறது.

வந்தவாசிப் போர் 1760 ஜனவரி 22. அதில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டிடம் தோற்றது. பத்தாண்டுக்கு முன் செஞ்சியை ஒரே இரவில் பிடித்த புஸ்ஸி அங்கே கைதியானார். பெருமுக்கல் மலைக்கோட்டை போனது, ஆலம்பரைக் கடற்கோட்டை போனது. 1761 ஜனவரி 16 அன்று புதுச்சேரியும் விழுந்தது. செஞ்சி மட்டும் மிச்சம். கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் வந்து சரணடையச் சொன்னபோது, லட்சம் பேரைக் கூட்டி வந்தாலும் மூன்று ஆண்டில் பிடிக்க முடியாது என்று உள்ளே இருந்த தளபதி மக்கிரெகர் பதில் அனுப்பினாராம். ஏப்ரல் 5ஆம் தேதி அவரே கதவைத் திறந்துவிட்டார். உதவிக்கு வர யாருமில்லை. ஆட்கள் நோயில் விழுந்துகொண்டிருந்தார்கள். கர்நாடகப் பகுதியில் பிரெஞ்சுக் கொடி கடைசியாக இறங்கிய இடம் செஞ்சி.

அதற்கு முன்பே செஞ்சியின் உயிர் போய்விட்டது. மொகலாயர் காலத்திலேயே ஆட்சி ஆற்காட்டுக்கு மாறிவிட்டது. அதிகாரம் எங்கே போகிறதோ, வணிகமும் குடியும் அங்கே போகும். கெரிபூஸுக்கு 1659இல் நேர்ந்தது செஞ்சிக்கு 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேர்ந்தது. இடையில் ஒரு சுடர் எரிந்து அணைந்தது. அதுதான் தேசிங்கு. கோட்டைக் காவலராயிருந்த சொரூப்சிங்கின் மகன் தேஜ்சிங். நவாப் சாதத்துல்லாகான் கேட்ட கப்பப் பாக்கியைக் கொடுக்க மறுத்து, கைக்கு அடங்கிய சிறு படையோடு போய் 1714 அக்டோபர் 3 அன்று போர்க்களத்தில் இறந்தார். வயது இருபத்திரண்டு என்பார்கள். அவரோடு நின்று மடிந்த நண்பர் ஒரு முஸ்லிம், மகபத்கான். இந்த இருவரின் நட்பைத்தான் நம் ஊர்ப் பாட்டும் கூத்தும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கொண்டாடுகின்றன. பத்து மாதம் மட்டும் ஆண்ட அவரைப் பாடுகிற அந்தக் கதையில், எட்டு ஆண்டு முற்றுகைக்கு இடமில்லை. மக்கள் வெற்றியை வைத்து நினைவைக் கணக்கிடுவதில்லை.

கூத்து என்றதும் மேலச்சேரியைச் சொல்லியாக வேண்டும். பழைய செஞ்சி என்று அதைச் சொல்வார்கள். அங்குள்ள திரௌபதியம்மன் கோயிலைத் தொண்டை மண்டலத்துத் திரௌபதி கோயில்களுக்கெல்லாம் தாய்க்கோயிலாகக் கருதுகிறார்கள். செஞ்சியை ஆண்ட ஒரு ராஜனுக்காகத் திரௌபதி மறுபடி அவதரித்தாள் என்பது கதை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டிபைட்டல் 1988இல் வெளியிட்ட பெரிய நூல் செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை இந்தக் கதையைத் தொடர்கிறது. உங்கள் ஊரில் தீமிதி நடந்தால், அம்மன் முன் காவல் நிற்கும் போத்துராஜாவுக்கும் செஞ்சிக் கோட்டைக்கும் உறவு உண்டு. பிரான்சில் கோட்டைகளைச் சுற்றிக் கதைகள் உண்டு, ஆனால் அவற்றைச் சொல்லித் தீயில் இறங்குகிறவர்களை நான் அங்கே பார்க்கவில்லை. நம் கோட்டை இன்னும் மனிதர்களின் விரதத்தில் உயிரோடு இருக்கிறது.

இனி, பார்த்துக் காப்பதைப் பற்றி. பிரெஞ்சுக்காரர்கள் பிறவியிலேயே பழமையைக் காத்தவர்கள் என்று நினைக்காதீர்கள். 1626இல் தலைமை அமைச்சர் ரிஷல்யூ காலத்தில், எல்லையில் இல்லாத கோட்டைகளை இடிக்க அரசே ஆணையிட்டது. புரட்சிக்குப் பிறகு பல கோட்டைகள் கல்லுக்காக விலைபோயின. கார்க்கசோன் மதிலையே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இடித்துவிடப் பார்த்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்தார்கள். பிறகு 1853இலிருந்து வியோலே ல தூக் என்ற கட்டடக் கலைஞர் அதைச் செப்பனிட்டார். அவர் கூரைகளைத் தம் கற்பனைப்படி மாற்றிவிட்டார் என்ற குறை இன்றும் உண்டு. என் கண்ணுக்கும் அந்தக் கூம்புகள் அந்த மண்ணுக்கு ஒட்டவில்லை. ஆனால் அவர் இல்லையென்றால் மதிலே இல்லை. கூசி என்ற ஊரில் 54 மீட்டர் உயரம் நின்ற கோபுரத்தை, முதல் உலகப்போரில், 1917இல், பின்வாங்கிய ஜெர்மானியப் படை வெடிவைத்துத் தூளாக்கியது. இழந்து இழந்துதான் அவர்கள் காக்கக் கற்றார்கள்.

பர்கண்டிப் பகுதியில் கெதலோன் என்கிற இடத்தில் 1997இல் ஒரு வேலை தொடங்கினார்கள். 13ஆம் நூற்றாண்டு முறையில் ஒரு புதிய கோட்டை கட்டுவது. கல் அந்த இடத்திலேயே வெட்டியது. மரம் பக்கத்துக் காட்டில் அறுத்தது. சுண்ணாம்பு, கயிறு, ஆணி எல்லாம் கையால். இயந்திரம் கிடையாது. கல்தச்சரும் கொல்லரும் வேலை செய்துகொண்டே, வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்கிறார்கள். 2019இல் பாரிஸ் நோத்ர் தாம் தேவாலயம் தீக்கு இரையான பிறகு, அதன் மரக்கூரையைத் திரும்பக் கட்ட அங்கே கைத்தொழில் பழகிய தச்சர்கள் உதவினார்கள். அதைக் கேட்டபோது எனக்கு நம் ஊர்க் கல்தச்சர்கள் நினைவுக்கு வந்தார்கள். கல்லில் ஆப்பு அடித்துப் பிளக்கிற கை இந்த மாவட்டத்தில் இன்னும் இருக்கிறது. செஞ்சி மதிலில் வரிசையாக ஆப்புக்குழித் தடங்களைப் பார்க்கலாம். அந்தக் கையை நாம் ஜல்லி உடைக்க மட்டும் வைத்திருக்கிறோம். திருவக்கரைக்காரர்களுக்குக் கல்குவாரி பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பிழைப்பும் அதில் இருக்கிறது, புழுதியும் அதில் இருக்கிறது. ஆனால் மலையை ஜல்லியாக்கினால் ஒரு முறைதான் விற்க முடியும்.

நம் ஊரின் கல்மரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கோடி ஆண்டுப் பழமையான மரங்கள் கல்லாகிக் கிடக்கின்றன. நாம் மேய்ச்சலுக்கு அந்த வழியே போய்வந்தோம். 1781இல் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கை அறிஞர் வந்து பார்த்து எழுதினார். இன்று அது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் தேசியச் சின்னமாக இருக்கிறது. சந்திரமௌலீசுவரரின் மும்முக லிங்கமும், செம்பியன் மாதேவி எழுப்பிய கற்றளியும், வக்கிரகாளியும் இந்த ஊரில் இருக்கும்போது, பௌர்ணமிக்கு வருகிற ஆயிரக்கணக்கான மக்களில் கல்மரப் பூங்கா வரை நடக்கிறவர் சிலர்தான். வழிகாட்டச் சொல்லிக் கேட்டால் ஊர்ப்பிள்ளைகள் ஓடி வருவார்கள். கேட்கிற ஆள் இல்லை.

செஞ்சி 1921 முதல் தேசியச் சின்னம். 2025 ஜூலை 11 அன்று பாரிசில் கூடிய யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் குழு, மராட்டியர் கோட்டைகள் பன்னிரண்டைப் பட்டியலில் சேர்த்தது. பதினொன்று மகாராட்டிரத்தில் இருக்கின்றன. பன்னிரண்டாவது செஞ்சி. நல்ல செய்தி, நான் மகிழ்ந்தேன். ஆனால் அந்தப் பட்டியல் சொல்வது மராட்டியர் கதையை மட்டும். கோன்களும் நாயக்கர்களும், கோட்டைக்குள் வேங்கடரமணர் கோயிலைக் கட்டியவர்களும், சாதத்துல்லாகான் பள்ளிவாசலில் தொழுதவர்களும், கல் சுமந்த நம் முன்னோர்களும் அந்தக் கதையில் இடம்பெற வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர்கள் நாம்தான். வேங்கடரமணர் கோயிலின் அழகான ஒற்றைக்கல் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். துய்ப்ளே சிலையைச் சுற்றி நிறுத்தினார்கள். இன்று கடற்கரைச் சாலையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அந்தத் தூண்கள்தான். மாலையில் அங்கே காற்று வாங்கப் போகும் நம் மக்கள் அவற்றில் சாய்ந்துகொண்டு கடலை கொறிக்கிறார்கள். அந்தத் தூணுக்கு ஊர் செஞ்சி என்று பிள்ளைகளிடம் சொல்லுங்கள்.

பிரான்சு 1984இல் ஒரு நல்ல வழக்கத்தைத் தொடங்கியது. செப்டம்பரில் ஒரு வார இறுதியில், மூடிக் கிடக்கும் பழைய கட்டடங்களையும் மக்களுக்குத் திறந்துவிடுவது. பிற்பாடு ஐரோப்பா முழுவதும் அது பரவியது. நமக்கும் நவம்பர் 19 தொடங்கி உலகப் பாரம்பரிய வாரம் இருக்கிறது. அந்த வாரத்தில் நம் பள்ளிகள் ஒரே ஒரு பயணம் வைக்கட்டும். திண்டிவனத்தில் சங்க கால நல்லியக்கோடனின் ஊரான கிடங்கிலில் தொடங்கி, பெருமுக்கல் ஏறி, செஞ்சியில் முடிக்கட்டும். மலையேறுகிறவர்கள் காலையிலேயே போய்விட வேண்டும். வெயில் ஏறினால் பாறை கொதிக்கும். குடிதண்ணீர் எடுத்துப் போக வேண்டும், பிளாஸ்டிக் புட்டியைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். சுவரில் பெயர் கிறுக்குகிற பிள்ளையைக் கண்டால் தட்டிக்கேட்க வேண்டும்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தேசிங்கு பாட்டில் சில அடிகள் தெரியும். தாத்தாவுக்குப் பெருமுக்கல் மலையில் எந்தப் பாறைக்கு என்ன பெயர் என்று தெரியும். இந்த ஆற்றங்கரையில் எந்த மேட்டில் பழைய செங்கல் கிடைத்தது என்று மாடு மேய்ப்பவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, வருகிற பொங்கல் விடுமுறைக்குள் ஆளுக்கு ஒரு நோட்டு எடுத்து இவற்றைக் கேட்டு எழுதுங்கள். யார் சொன்னது, எந்த ஊர், என்ன தேதி என்று மேலே குறித்து, உங்கள் ஊர் நூலகத்தில் ஒரு படியைக் கொடுத்து வையுங்கள்.